இறங்காத ராக்கெட்

1970 ஜூன். பிரிட்டனில் பொதுத்தேர்தல் பிரசாரம் சூடுபிடித்திருந்தது. தொழிற்கட்சி அமைச்சர் டோனி பென் ஒரு கூட்டத்தில் பேசும்போது, உல்வர்ஹாம்ப்டனில் ஏற்றப்பட்டிருக்கும் இனவாதக் கொடி, 25 ஆண்டுகளுக்கு முன் டாஹாவ், பெல்சன் வதைமுகாம்களின் மேல் பறந்த கொடியைப் போலத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றார். அவர் குறிவைத்தது அந்த ஊரின் கன்சர்வேட்டிவ் எம்.பி. இனாக் பவலை. ஓர் ஆங்கிலேய அரசியல்வாதியைப் பற்றி இன்னொருவர் இதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட முடியாது. 1998 பிப்ரவரியில் பவல் தன் 85ஆம் வயதில் இறந்தார். இறுதி வழிபாட்டுக்கு வந்திருந்தவர்களில் டோனி பென்னும் ஒருவர். நீங்கள் ஏன் போனீர்கள் என்று கேட்டவர்களிடம், அவர் என் நண்பர் என்று சொல்லிவிட்டார்.

பென் கட்சி மாறியவர் அல்லர். வயது ஏற ஏற இன்னும் இடதுபுறமாகப் போனவர். இடையில் மாறியது பவலைப் பற்றிய கணக்குத்தான். நாட்டையே எரித்துவிடுவார் என்று அஞ்சப்பட்ட மனிதர், முப்பது ஆண்டுகளில், நாடாளுமன்ற மரபைத் தன் மதம்போலக் காத்த பழைய தலைமுறைக்காரராக நினைவுகூரப்பட்டார். எது உண்மையான பவல்? உண்மையில் அவர் எவ்வளவு ஆபத்தானவர்? அவர் இறந்து கால் நூற்றாண்டு கடந்தும் பிரிட்டன் இந்த வழக்கை மூடவில்லை. ஒவ்வொரு பத்தாண்டிலும் யாராவது எடுத்துத் தூசி தட்டுகிறார்கள்.

பவல் சாதாரண வாய்ச்சவடால்காரர் இல்லை என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. பர்மிங்காமில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. 25 வயதில் சிட்னி பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர். போர் வந்ததும் பதவியை உதறிவிட்டுச் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். போர் முடியும்போது பிரிகேடியர். 1943இல் ராணுவ உளவுப் பணிக்காக இந்தியாவுக்கு வந்தவர், நாட்டின்மீது காதல் கொண்டுவிட்டார். உருது கற்றார். வைஸ்ராய் ஆக வேண்டும் என்பதே அவர் கனவு. அரசியலுக்கு வந்ததே அதற்காகத்தான் என்று சொல்லுமளவுக்கு. இந்தியாவைவிட்டு வெளியேறப்போவதாக அட்லி அரசு அறிவித்த இரவு, தூக்கம் வராமல் லண்டன் தெருக்களில் நடந்துகொண்டே இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நாம் கொண்டாடிய செய்தி ஒருவருக்கு இழவுச் செய்தியாக இருந்திருக்கிறது.

இந்தியா கைநழுவியதும் அவர் எதிர்த்திசைக்குப் போனார். பேரரசு இல்லையென்றால் காமன்வெல்த்தும் வேண்டாம். இங்கிலாந்து தன் தீவுக்குள் தானாக இருக்கட்டும் என்பது புதிய நிலைப்பாடு. 1950இல் உல்வர்ஹாம்ப்டன் தென்மேற்குத் தொகுதியின் எம்.பி. ஆனார். 1959 ஜூலையில், கென்யாவின் ஹோலா முகாமில் காவலர்கள் 11 கைதிகளை அடித்தே கொன்றது பற்றி, நள்ளிரவு தாண்டிய வேளையில் நாடாளுமன்றத்தில் பேசினார். ஆப்பிரிக்காவுக்கு ஒரு நீதி, இங்கிலாந்துக்கு ஒரு நீதி என்று வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்று தன் கட்சியின் அரசையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். தான் கேட்ட மிகச் சிறந்த நாடாளுமன்றப் பேச்சு அதுதான் என்று எதிர்க்கட்சிக்காரரான டெனிஸ் ஹீலி சொன்னார். கறுப்பர்களின் உயிருக்காக இப்படிப் பேசியவர்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்து, குடியேற்றத்துக்கு எதிரான அந்த இன்னொரு பேச்சைப் பேசினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் பவலைச் சுலபமாக மதிப்பிட்டுவிடுகிறார்கள்.

1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர். தேசிய மருத்துவச் சேவையின் இளநிலை மருத்துவர்களில் கணிசமானோர் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். தாதியர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் வந்தார்கள். அவர்களையெல்லாம் பவலே அழைத்துவந்தார் என்று மேடைகளில் சொல்வது மிகை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் வார்டுகள் இயங்காது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

1968 ஏப்ரல் 20, சனிக்கிழமை. பர்மிங்காம் மிட்லண்ட் ஹோட்டலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களின் சிறு கூட்டம். நூறு பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் பேச்சின் பிரதி முன்கூட்டியே பத்திரிகைகளுக்குப் போயிருந்தது. தொலைக்காட்சிக் கேமரா வந்திருந்தது. உல்வர்ஹாம்ப்டனின் ‘எக்ஸ்பிரஸ் அண்ட் ஸ்டார்’ நாளிதழின் ஆசிரியர் கிளெமென்ட் ஜோன்ஸ் பவலின் குடும்ப நண்பர். வார இறுதியில் ஒரு பேச்சு பேசப்போகிறேன், அது ராக்கெட் மாதிரி சீறிக்கொண்டு போகும், ஆனால் மற்ற ராக்கெட்டுகள் கீழே விழும், இது மேலேயே நிற்கும் என்று பவல் தன்னிடம் சொன்னதாக ஜோன்ஸ் பின்னாளில் எழுதினார். உணர்ச்சிவசப்பட்டு உளறிவிட்டார் என்று பரிந்து பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

பேச்சில் இருந்தவை மூன்று. ஒன்று, கணக்கு: 2000ஆம் ஆண்டில் குடியேறியவர்களும் அவர்களது பிள்ளைகளும் ஐம்பது முதல் எழுபது லட்சமாக இருப்பார்கள், மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இரண்டு, கதை: ஒரு தொகுதிவாசி தன்னிடம் சொன்னதாக, இன்னும் 15, 20 ஆண்டுகளில் இந்த நாட்டில் கறுப்பன் கையில் சாட்டை இருக்கும் என்ற வாசகம், இன்னொருவர் கடிதத்தில் எழுதியதாக, போரில் கணவனையும் பிள்ளைகளையும் இழந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டியின் வீட்டுக் கதவு இடுக்கில் மலம் திணிக்கப்பட்ட சம்பவம். மூன்று, தீர்க்கதரிசனம்: வெர்ஜிலின் காவிய வரியை எடுத்தாண்டு, ரோமானியனைப்போல, டைபர் நதி ரத்தத்தால் நுரைப்பதைத் தானும் காண்பதுபோல் இருக்கிறது என்றது.

மூதாட்டியைத் தேடிப் பத்திரிகையாளர்கள் உல்வர்ஹாம்ப்டன் தெருத்தெருவாக அலைந்தார்கள். அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. இனவாதப் பேச்சு என்று எழுதியதற்காக ஒரு ஞாயிறு இதழின்மீது பவல் அவதூறு வழக்குத் தொடுத்தார். மேற்கோள் காட்டிய கடிதங்களைத் தாக்கல் செய்யவேண்டிய கட்டம் வந்ததும் வழக்கைக் கைவிட்டார். லத்தீன் வரியை லத்தீனிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் வருந்தியதுண்டு. அந்த வருத்தம் வெர்ஜிலுக்காக மட்டும்தான். மூதாட்டிக்காகவோ சாட்டைக்காகவோ அவர் ஒருபோதும் வருந்தவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் பவலை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். திங்கட்கிழமை ‘டைம்ஸ்’ நாளேடு அதைத் தீய பேச்சு என்று தலையங்கம் எழுதியது. மேல்மட்டத்தின் தீர்ப்பு ஒரே நாளில் முடிந்துவிட்டது. தெருவின் தீர்ப்பு வேறாக இருந்தது. இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் இன உறவுச் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த ஏப்ரல் 23 அன்று லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பவலுக்கு ஆதரவாக நாடாளுமன்றம் நோக்கி நடந்தார்கள். அடுத்த நாள் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைச் சுமைதூக்கிகள் வந்தார்கள். தொழிற்கட்சிக்கே வாக்களித்துப் பழகிய கூட்டம் அது. கேலப் நடத்திய கருத்துக்கணிப்பில் 74 சதவீதம் பேர் பவல் பேசியதோடு உடன்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன; எதிர்த்து எழுதியவர்கள் மிகச் சிலர்.

அதே மாதக் கடைசியில் உல்வர்ஹாம்ப்டனில் ஒரு மேற்கிந்தியக் குடும்பத்தின் ஞானஸ்நான விருந்துக்குள் வெள்ளை இளைஞர்கள் பவலின் பெயரைக் கத்திக்கொண்டு புகுந்து தாக்கினார்கள். கத்திவெட்டு விழுந்தது. லண்டனில் பிறந்த 16 வயதுப் பையன் பால் போட்டெங், தான் பிறந்த நாட்டின் தெருவில் முதன்முதலாக இழிவுபடுத்தப்பட்டது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் என்று பின்னாளில் சொன்னார். அவர் 2002இல் பிரிட்டனின் முதல் கறுப்பின கேபினெட் அமைச்சர் ஆனார். அந்தப் பேச்சு யாரையும் கொல்லச் சொல்லவில்லை, சட்டம் பற்றித்தான் பேசியது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வரிக்கு வரி பார்த்தால் அது உண்மைதான். விருந்துக்குள் புகுந்தவர்கள் அந்தப் பேச்சை வரிக்கு வரி படித்துவிட்டு வந்தவர்கள் இல்லையே.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960களின் உல்வர்ஹாம்ப்டன் வார்ப்படச் சாலைகளும் டயர் ஆலையும் புகையும் நிறைந்த நகரம். வெள்ளையர் விரும்பாத இரவுநேர முறை, உலை வெக்கை வேலை, அவற்றுக்குத்தான் பஞ்சாபிகளும் ஜமைக்காக்காரர்களும் வந்தார்கள். பவலின் பேச்சு நடந்தபோது ஊரில் ஏற்கெனவே ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. தர்செம் சிங் சந்து என்ற பேருந்து ஓட்டுநர், நோய் விடுப்பு முடிந்து 1967இல் தாடியும் தலைப்பாகையுமாக வேலைக்குத் திரும்பினார். நகரப் போக்குவரத்துக் குழு, விதிப்படி தொப்பிதான் என்று அவரைத் திருப்பி அனுப்பியது. ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் ஊர்வலம் போனார்கள். பவல் தன் பேச்சில் இந்தப் பிரச்சினையையும் இழுத்தார்: தனிச்சலுகை கேட்பது சமூகத்தைத் துண்டாடும் என்பது அவர் வாதம். சோகன் சிங் ஜாலி என்ற சீக்கியத் தலைவர் தீக்குளிக்கப்போவதாக நாள் குறித்தார். அந்த நாளுக்குச் சில தினங்கள் முன்பு, 1969 ஏப்ரலில், குழு பணிந்தது.

இன்று அந்த வார்ப்படச் சாலைகள் பெரும்பாலும் இல்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி உல்வர்ஹாம்ப்டனில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் சீக்கியர். இங்கிலாந்தில் இந்த விகிதம் இவ்வளவு உயர்ந்த நகரம் வேறில்லை. தலைப்பாகை கட்டிய ஓட்டுநரை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நகரின் வெட்னஸ்ஃபீல்ட் பகுதியில் 2021 செப்டம்பரில் ஒரு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது: 1897இல் சாராகரியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காகப் போரிட்டு மடிந்த ஹவில்தார் ஈஷர் சிங். இந்திய ராணுவத்தை உயிராக நேசித்த பவலுக்கு அந்தச் சிலை பிடித்திருக்கும். நின்ற இடம்தான் உறுத்தியிருக்கும். அவருக்கென்று ஊரில் நீலப் பலகை வைக்கலாமா என்று 2018இல் பேச்சு எழுந்தபோது பிஷப் உட்படப் பலர் எதிர்த்தார்கள்.

அவர் 24 ஆண்டுகள் வைத்திருந்த தொகுதியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2010இல் அங்கே பவலின் கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது; வேட்பாளர் பால் உப்பல், சீக்கியர், பெற்றோர் கென்யாவிலிருந்து வந்தவர்கள். 2017இல் தொழிற்கட்சியின் எலினோர் ஸ்மித் வென்றார். பார்படோஸ் பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினப் பெண், தொழில், தாதி. எல்லைகள் மாற்றப்பட்டு உல்வர்ஹாம்ப்டன் மேற்கு என்று பெயர் மாறிய தொகுதியில் 2024இல் வென்றவர் வரிந்தர் ஜஸ், அவரும் சீக்கியர். சாட்டையை யாரும் கையில் எடுக்கவில்லை. தேர்தலில் நின்று, ஓட்டுக் கேட்டு, சிலசமயம் தோற்றும் போனார்கள்.

பவல் சொன்னது நடந்துவிட்டதா என்ற சண்டையில் இரண்டு தரப்பும் வேறு வேறு வாசகங்களைக் கையில் வைத்துக்கொண்டு மோதுகின்றன. எண்ணிக்கையில் அவர் தப்பில்லை என்கிறார்கள் ஆதரவாளர்கள். 2001 கணக்கெடுப்பில் வெள்ளையரல்லாதோர் ஏறக்குறைய 46 லட்சம், மக்கள்தொகையில் எட்டு சதவீதத்தை ஒட்டி. அவர் சொன்ன கீழ்வரம்பைவிடச் சற்றுக் குறைவு. பிறகு அதையும் தாண்டிவிட்டது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேச்சின் முழு எடையும் எண்ணிக்கையின்மீது நிற்கவில்லை, எண்ணிக்கை ரத்தத்தைக் கொண்டுவரும் என்பதன்மீது நிற்கிறது. பத்தில் ஒருவர் வந்துவிட்டார். உள்நாட்டுப் போர் வரவில்லை. 1981இல் பிரிக்ஸ்டன் எரிந்தது, 1985இல் ஹான்ட்ஸ்வொர்த் எரிந்தது, 2005இல் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்தது, ஒவ்வொரு முறையும் பவலின் பெயர் எழுந்து வந்தது. பிரிக்ஸ்டனை விசாரித்த ஸ்கார்மன் பிரபு காவல்துறையின் நடத்தையையும் இளைஞர்களின் வேலையின்மையையும் காரணமாகக் கண்டார். 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவர் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டதை யாரும் பவலின் தீர்க்கதரிசனக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் ரத்தம்தான்.

சரி, பெரும் தீ மூளவில்லை. அப்படியானால் அவர் வெறும் பூச்சாண்டியா? இங்கேதான் பென் தரப்பின் பிற்காலக் கருணைக்கு நியாயம் இருக்கிறது. 1968 கோடையில் பவல் விரும்பியிருந்தால் ஒரு பெரும் இயக்கத்தைக் கட்டியிருக்க முடியும். துறைமுகத் தொழிலாளர்கள் தயாராக இருந்தார்கள். முப்பதுகளில் பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லி கறுப்புச் சட்டைப் படை கட்டினார், பவல் கட்டவில்லை. 1967இல் தொடங்கிய தீவிர வலதுசாரிக் கட்சியான நேஷனல் ஃபிரண்ட் அவர் பெயரைச் சொல்லி ஆள் பிடித்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. நாடாளுமன்றத்துக்கு வெளியே அரசியல் என்று ஒன்று அவர் மனத்தில் இல்லை. பிரபுக்கள் சபைச் சீர்திருத்தத்தை முறியடிக்க இடதுசாரி மைக்கேல் ஃபுட்டோடு கைகோத்து இரவு இரவாக வாதாடினார். ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்ததற்காகச் சொந்தக் கட்சியையே துறந்து, 1974 பிப்ரவரித் தேர்தலில் தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போடச் சொன்னார். ஹீத் ஆட்சி இழந்தார். பிறகு வட அயர்லாந்து போய் சவுத் டவுன் தொகுதியில் எம்.பி. ஆகி, 1987இல் தோற்று, அதோடு ஒதுங்கினார். ஆளத் தெரியாத மேதை. படை திரட்டத் தெரியாத கிளர்ச்சிக்காரர். ஆளாக எடைபோட்டால் 1970இல் பென் பயந்த அளவுக்கு அவர் ஆபத்தானவர் இல்லை.

ஆனால் ஆளை மட்டும் எடைபோட்டால் போதுமா? பவலை ஒரே நாளில் வெளியேற்றிய ஹீத், பிரதமரானதும் 1971 குடிவரவுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பாட்டனோ பெற்றோரோ பிரிட்டனில் பிறந்தவர்களுக்கு ஒரு வழி, மற்ற காமன்வெல்த் மக்களுக்கு வேறு வழி. விரும்பித் திரும்பிப் போகிறவர்களுக்கு அரசு பணம் கொடுக்கலாம் என்ற பிரிவும் அதில் இருந்தது. பவல் கேட்டதில் பாதி. நியாயமாகச் சொல்வதானால், 1972இல் இடி அமீன் துரத்திய உகாண்டா ஆசியர்கள் ஏறக்குறைய 28,000 பேரை ஹீத்தான் உள்ளே விட்டார், பவலின் எதிர்ப்பையும் மீறி. கென்ய ஆசியர்களின் வழியை அடைக்க 1968 மார்ச் முதல் தேதி சட்டம் போட்டதோ தொழிற்கட்சி அரசு, பவல் பேசுவதற்கு ஏழு வாரம் முன்பே. ஆகவே எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவதும் தப்பு. அவர் கதவைச் சாத்தியவர் இல்லை. சாத்துகிறவர்களுக்கு அந்த ராக்கெட்டின் வெளிச்சம் உதவியது. பவல் அளவுக்குப் போகாமல் அதில் முக்கால் பங்கு செய்தாலே நிதானக்காரர் என்ற பெயர் கிடைத்தது.

1978 ஜனவரியில் மார்கரெட் தாட்சர், வேற்றுப் பண்பாட்டினரால் மூழ்கடிக்கப்படுவோமோ என்று மக்கள் அஞ்சுகிறார்கள் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். யாரும் அவரை நீக்கவில்லை. அடுத்த ஆண்டு பிரதமரானார், நேஷனல் ஃபிரண்டின் ஓட்டுகள் கரைந்தன. 1987 பிப்ரவரியில் இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த தமிழர்களை ஹீத்ரோவில் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, அவர்கள் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். கொழும்பு திரும்பினால் என்ன காத்திருந்தது என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. அதையொட்டி அவசரமாக வந்தது, உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் சட்டம். பவல் அப்போதும் எம்.பி.தான், ஆனால் அந்தச் சட்டத்துக்கு அவர் தேவைப்படவில்லை. லத்தீன் தெரியாத குமாஸ்தாக்களே போதுமானவர்களாக இருந்தார்கள்.

2018 ஏப்ரலை இந்த வகையில் மறக்க முடியாது. பேச்சின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, நடிகர் இயன் மெக்டையார்மிட் குரலில் அதை முழுமையாக ஒலிபரப்பப் போவதாக பிபிசி அறிவித்தது. நாடே இரண்டுபட்டது. ஒலிபரப்பினால் வெறுப்பு பரவும் என்று ஒரு சாரார். வரலாற்றைக் கேட்கவிடாமல் தடுப்பதா என்று மறுசாரார். 14ஆம் தேதி இரவு ஒலிபரப்பானது, எதுவும் இடிந்துவிழவில்லை. அதே வாரங்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1973க்கு முன் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குழந்தைகளாக வந்து, படித்து, உழைத்து, வரி கட்டி ஓய்வு பெற்றவர்கள் ஆவணம் காட்ட முடியாததால் வேலையும் மருத்துவமும் மறுக்கப்பட்டு நின்ற செய்திகள் வரிசையாக வெளிவந்தன. குறைந்தது 83 பேர் தவறாக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்ததைப் பிறகு அரசே ஒப்புக்கொண்டது. அந்த 1973 என்ற எல்லைக்கோடு ஹீத்தின் சட்டம் போட்டது. மாதக் கடைசியில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். ஐம்பது ஆண்டுப் பழைய பேச்சு ஆபத்தா என்று விவாதித்தவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு, தமிழ் வாசகர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. கென்யாவிலிருந்து கோவா வம்சாவளி இளைஞர் ஒருவர் 1968 பிப்ரவரியில், கதவு சாத்தப்படுவதற்குச் சில நாள் முன்பு, ஹீத்ரோவில் இறங்கினார். தேசிய மருத்துவச் சேவையில் தாதியாக மொரீஷியஸிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அவர்கள் மகள் சுவெல்லா பிரேவர்மன் 2022இல் உள்துறை அமைச்சர். ஆங்கிலக் கால்வாய் கடந்து படகில் வருகிறவர்களைப் படையெடுப்பு என்று நாடாளுமன்றத்தில் வருணித்தார். மறு ஆண்டு, பல்பண்பாட்டுக் கொள்கை தோற்றுவிட்டது என்று வாஷிங்டனில் பேசினார். பவல் இருந்திருந்தால் அவருடைய பெற்றோரையும் திரும்பிப் போகச் சொல்லிக் காசு கொடுத்திருப்பார் என்று கேலி செய்வது எளிது. வந்தேறியின் பிள்ளை இப்படித்தான் பேச வேண்டும் என்று விதிப்பதும் ஒருவகை பவல்தனம்தான் என்பதால் அந்தக் கேலியில் எனக்கு ஈடுபாடில்லை. பார்க்க வேண்டியது காலத்தை. 2007இல்கூட, பவல் சொன்னது சரி என்று பத்திரிகையில் எழுதிய நைஜல் ஹேஸ்டிலோ என்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் விலக வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டில் அளவுகோல் எங்கே போய்விட்டது!

2025 மே மாதம், தொழிற்கட்சிப் பிரதமர் கியர் ஸ்டார்மர் குடியேற்றக் கட்டுப்பாட்டை அறிவிக்கும்போது, நாம் அந்நியர்களின் தீவாகிவிடும் அபாயம் இருக்கிறது என்றார். சொந்த நாட்டிலேயே அந்நியரானோம் என்று வெள்ளையர் உணர்வதாகப் பவல் சொன்னதன் எதிரொலி அது என்று எம்.பி.க்கள் கொதித்தார்கள். பவலை நினைத்து எழுதியதல்ல என்றது அரசுத் தரப்பு. நம்பலாம். பெயர் தெரியாமலே பழக்கத்துக்கு வந்துவிட்ட பேச்சாக அது ஆகியிருந்தது. அடுத்த மாதமே ஸ்டார்மர் ஒரு பேட்டியில் அப்படிச் சொன்னதற்கு வருந்தினார். 1968இல் எதிர்க்கட்சி நிழல் அமைச்சரின் வேலையைப் பறித்த ஒரு தொனி, 2025இல் ஒரு பிரதமருக்கு வருத்தம் தெரிவிக்கும் அளவு சங்கடம் மட்டும் தந்தது.

1993இல் நியூபரி இடைத்தேர்தலில், ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்த்து நின்ற ஒரு சின்னஞ்சிறு கட்சியின் கூட்டத்தில் பேச எண்பது வயதுப் பவல் ஒத்துக்கொண்டார். அவரைக் காரில் அழைத்துப்போனவர் 29 வயதுப் பண்டச் சந்தைத் தரகர் நைஜல் ஃபராஜ். அந்தச் சில மணிநேரம் தன்னைப் பிரமிக்க வைத்தது என்று ஃபராஜ் பிறகு சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு அவருடைய புதிய கட்சி ஆதரவு கேட்டபோது பவல் மறுத்துவிட்டார். கட்சி கட்டுவது கடைசிவரை அவருக்கு ஒத்துவரவில்லை. ஃபராஜுக்கு அது ஒத்துவந்தது. யூகிப், பிரெக்ஸிட் கட்சி, அதுவே பெயர் மாறிய ரிஃபார்ம் யுகே என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்சிகளின் முகமாக இருந்தார். 2016இல் பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலக வாக்களித்தது. 2024 ஜூலையில் ரிஃபார்ம் கட்சிக்கு ஐந்து இடங்களும் ஏறக்குறைய 14 சதவீத வாக்குகளும் கிடைத்தன. ஃபராஜ் முதல்முறையாக எம்.பி. ஆனார். 2025இல் கருத்துக்கணிப்புகளில் அவரது கட்சி முதலிடத்துக்கு வந்தது. அவர் எவ்வளவு ஆபத்தானவர் என்று டோனி பென்னின் பேரன் வயதுக்காரர்கள் இப்போது விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.